ஜெர்ரி ரைஸின் 22,895 யார்டு: எப்படிச் சேர்ந்தது, இனி யாராவது தாண்ட முடியுமா?

மாறன்_கே:
அமெரிக்க ஃபுட்பால் லீகான NFL-இல் ஒவ்வொரு சீசனிலும் யாராவது ஒரு ரிசீவர் (எறியும் பாஸை வாங்கி ஓடுகிறவர்) 1,500 யார்டு தாண்டியதும் "அடுத்த ஜெர்ரி ரைஸ்" பேச்சு கிளம்பிவிடுகிறது. கணக்கை ஒரே இடத்தில் வைத்துப் பேசுவோம்.

ரைஸ் ஆடியது 1985 முதல் 2004 வரை 20 சீசன், 303 ஆட்டம். 1,549 கேட்ச், 22,895 யார்டு, 197 டச்டவுன் கேட்ச் (எதிரணியின் கோட்டுக்கு அப்பால், எண்ட் ஸோனுக்குள், பந்தைச் சேர்த்தவை). ஓடி எடுத்ததெல்லாம் சேர்த்தால் 208 டச்டவுன். யார்டு பட்டியலில் இரண்டாவது லாரி ஃபிட்ஸ்ஜெரால்டு, 17,492. நடுவில் 5,403 யார்டு. அந்த இடைவெளியை மட்டும் நிரப்பவே ஒரு நல்ல ரிசீவருக்கு நாலைந்து சீசன் வேண்டும்.

ஒருவர் 15 சீசன் விடாமல் வருஷத்துக்கு 1,500 எடுத்தாலும் 22,500தான் வரும், 395 பாக்கி. இத்தனைக்கும் ரைஸே 1,500ஐ நாலு தடவைதான் தாண்டினார்: 1986, 1990, 1993, 1995. 1994இல் 1,499.

கேள்வி இதுதான். முதல் அணியான சான் ஃபிரான்சிஸ்கோ 49ers பயிற்சியாளர் பில் வால்ஷின் ஆட்டமுறையா, ஜோ மொன்டானா, ஸ்டீவ் யங் என்று அடுத்தடுத்துக் கிடைத்த இரண்டு குவார்ட்டர்பேக்குகளா (பாஸ் எறிகிறவர்கள்), இல்லை ஆளேதானா?

தறி:
என் ஓட்டு ஆட்டமுறைக்கு. வால்ஷின் வெஸ்ட் கோஸ்ட் முறையில் பந்து சீக்கிரம் கையை விட்டுப் போகும், ரிசீவர் ஓடிக்கொண்டே வாங்குவார். குறுக்கே வரும் பாஸ் எல்லாம் அவருக்குத்தான். வேறு அணிக்குப் போயிருந்தால் இவ்வளவு வந்திருக்காது. டிராஃப்டில் (கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசைப்படி எடுக்கும் தேர்வில்) அவரை எடுக்க 49ers மேலே ஏறி வந்ததே அந்த முறைக்கு அவர் பொருந்துவார் என்று வால்ஷ் கண்டுகொண்டதால்தான்.

செந்தங்கம்80:
தறி, பாதி சரி. ஆனால் அதே முறை, அதே குவார்ட்டர்பேக், அதே மைதானம் எல்லாம் மைதானத்தின் மறுபக்கம் நின்ற அதே அணி ரிசீவர் ஜான் டெய்லருக்கும் கிடைத்தது. டெய்லர் அருமையான ஆட்டக்காரர். அவருக்கு 1,000 யார்டு சீசன் இரண்டு, ரைஸுக்கு மொத்தம் 14. ஆட்டமுறை கதவைத் திறந்துவிடும், அவ்வளவுதான்.

குவார்ட்டர்பேக் வாதமும் முழுசாக நிற்காது. ரைஸுக்கு மொன்டானா எறிந்த டச்டவுன் 55, ஸ்டீவ் யங் எறிந்தது 85. 1991 முழுக்க மொன்டானா முழங்கைக் காயத்தால் வெளியே. யங்கும் ஸ்டீவ் போனோவும் மாறிமாறி ஆடிய அந்த வருஷம் ரைஸ் 80 கேட்ச், 1,206 யார்டு, 14 டச்டவுன். யங் இடதுகைக்காரர் என்பதையும் மறக்கக் கூடாது. பந்து எதிர்ப்பக்கமாகச் சுழன்று வரும், கடைசி நொடியில் அது விலகும் திசையும் மாறும். வருஷக்கணக்கில் வலதுகைச் சுழற்சிக்குப் பழகிய கை அதற்கு மாறியாக வேண்டும். அப்படியும் வருஷத்துக்கு 1,000 யார்டு தாண்டுவது நிற்கவில்லை.

டிராஃப்ட் விஷயம்: 49ers அப்போதுதான் சூப்பர் பவுல் (லீகின் இறுதி ஆட்டம்) ஜெயித்து வந்தவர்கள், அதனால் முதல் சுற்றில் கடைசி இடம், 28. பேட்ரியட்ஸிடம் பேரம் பேசி 16ஆம் இடத்துக்கு ஏறினார்கள். 17ஆம் இடத்தில் டல்லஸ் காத்திருந்தது. அந்த வருஷம் ரைஸுக்கு முன்னால் போன ரிசீவர்கள் இருவர்: அல் டூன் 10ஆவது, எடி பிரவுன் 13ஆவது. தயங்கிய அணிகள் சொன்ன காரணங்கள் இரண்டு: 40 யார்டு ஓட்டத்தில் வேகம் போதாது, ஆடிய கல்லூரி சின்னது.

குழலி:
ரைஸ் ஆடிய கல்லூரியான மிசிசிப்பி வேலி ஸ்டேட் பற்றி யாராவது விவரமாகச் சொல்லுங்களேன். சின்னக் கல்லூரி என்பதால் எண்ணிக்கை ஊதியிருக்கும் என்றுதான் பலரும் எழுதுகிறார்கள்.

செந்தங்கம்80:
குழலி, எண்ணிக்கை ஊதித்தான் இருந்தது, அதை மறைக்க வேண்டியதில்லை. இட்டா பீனா என்ற சின்ன ஊர், கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட கல்லூரி. பயிற்சியாளர் ஆர்ச்சி கூலி, குவார்ட்டர்பேக் வில்லி டாட்டன். 1984இல் கூடிப் பேசி நிற்காமல், கோட்டுக்கு வந்ததும் அடுத்த ஆட்டத்தைத் தொடங்கி எறிந்துகொண்டே இருந்தார்கள். ரிசீவர்களை ஒரே பக்கத்தில் ஒருவர் பின் ஒருவராக நிறுத்துவார் கூலி. முன்னால் நிற்பவர் கிளம்பும்வரை பின்னால் யார் எந்தப் பக்கம் வெட்டப்போகிறார் என்று கார்னர்பேக்குக்கு (ரிசீவரைக் காக்கும் தடுப்பாளருக்கு) தெரியாது. ரைஸ் அந்த வருஷம் எடுத்த டச்டவுன் 27.

ஆனால் வால்ஷ் பார்த்தது எண்ணிக்கையை அல்ல. 1984 அக்டோபரில் ஹூஸ்டன் ஆட்டத்துக்கு முந்தின நாள் ஹோட்டல் டிவியில் ரைஸின் ஆட்டத் துணுக்குகள் ஓடியபோது அவர் கவனித்தது பந்து கைக்கு வந்தபிறகு நடப்பதை. மற்றவர்கள் பந்தை வாங்கி, உடம்பைத் திருப்பி, பிறகு வேகமெடுப்பார்கள். ரைஸுக்கு வாங்குவதும் வேகமெடுப்பதும் ஒரே அசைவு. ஸ்டாப்வாட்ச்சில் இது ஏறாது.

ஓக்லாந்து_கருப்பு:
அந்த 40 யார்டு ஓட்டத்தில் 4.6, 4.7 என்று ஆளுக்கொன்று எழுதுகிறார்கள். எதுவானாலும் அந்தக் காலத்து முதல் சுற்று ரிசீவருக்கு அது மெதுவான நேரம். ஆனால் பின்னாலிருந்து துரத்திப் பிடித்தவர்கள் எத்தனை பேர் என்று பழைய ஆட்டங்களில் எண்ணிப் பாருங்கள். ஷார்ட்ஸ் போட்டு நேர்கோட்டில் ஓடுவதும், பேடு கட்டி நாலாவது குவார்ட்டரில் வளைந்து ஓடுவதும் வேறு வேறு வேலை.

குழலி:
ரைஸின் ஸ்லான்ட் (உள்பக்கம் சாய்வாக வெட்டி ஓடும் ரூட்) பற்றி எல்லாரும் பேசுகிறார்கள். ஐந்து யார்டு பாஸ் எப்படி 60, 70 யார்டு ஆகிறது? படிப்படியாகச் சொல்ல முடியுமா?

செந்தங்கம்80:
சொல்கிறேன். பார்க்கச் சாதாரணமாக இருக்கும் ரூட், தவறுவதற்கு நிறைய வழி இருக்கும் ரூட்.

நிற்கும்போது உள்பக்கக் கால் முன்னால், வெளிப்பக்கக் கால் பின்னால், எடை முன்காலில். ஸ்னாப் ஆனதும் (பந்து ஆட்டத்துக்கு வந்ததும்) முதல் அடி வெளிப்பக்கக் கால், இரண்டாவது உள்பக்கக் கால், மூன்றாவது மறுபடி வெளிப்பக்கக் கால். அந்த மூன்றாவது அடியை ஊன்றித்தான் உள்ளே வெட்ட வேண்டும், சுமார் 45 பாகையில். முதல் இரண்டு அடியும் நேராக, முழு வேகத்தில், தோள் முன்னால் சாய்ந்து போக வேண்டும். ஆழமாக ஓடப்போகிறான் என்று கார்னர்பேக் நம்பி இடுப்பைத் திருப்பத் தொடங்கினால் பாதி வேலை முடிந்தது.

குவார்ட்டர்பேக் அதே நேரத்தில் மூன்று அடி பின்னால் போகிறார். மூன்றாவது அடி ஊன்றியதும் பந்து கிளம்பிவிடும். ரிசீவர் தலையைத் திருப்பும்போது பந்து ஏற்கெனவே காற்றில் இருக்கும். எறிவது ஆளைப் பார்த்து அல்ல, ஆள் வரப்போகும் இடத்தைப் பார்த்து. நடுவரிசைத் தடுப்பாளரான லைன்பேக்கருக்கும் கார்னர்பேக்குக்கும் நடுவில் அந்தச் சந்து ஒரு நொடிகூடத் திறந்திருக்காது.

எங்கே கெடுகிறது? ஒன்று, வெட்டுவதற்கு முன் அடியைச் சுருக்குவது. பெரும்பாலான ரிசீவர்கள் திரும்புமுன் இரண்டு குட்டி அடி வைத்து வேகத்தைக் குறைப்பார்கள். நல்ல கார்னர்பேக் அதைத்தான் எதிர்பார்த்து நிற்பார், பார்த்ததும் உள்ளே பாய்ந்து பந்தையே எடுத்துக்கொண்டு போய்விடுவார். இன்னொன்று, கூர்மையாக வெட்டாமல் வளைவாகப் போவது. அப்படிப் போனால் கார்னர்பேக்குக்கு ஓர் அடி இடைவெளி இலவசமாகக் கிடைக்கிறது. வெட்டிய பிறகு மேல்நோக்கி நழுவினால் கடைசி வரிசைத் தடுப்பாளரான சேஃப்டி மோதும் இடத்துக்கே போய்ச் சேருவீர்கள். எல்லாம் சரியாக அமைந்தும் பந்து முதுகுப்பக்கம் வந்தால் நின்று வாங்க வேண்டும். அங்கே அது ஐந்து யார்டு பாஸ்தான். பந்து மார்பின் முன்பக்க எண்ணுக்கு நேராக, கொஞ்சம் முன்னால் வந்தால்தான் ஓட்டம் அறாது.

ரைஸின் பலம் இங்கேதான். ஸ்லான்ட் ஆனாலும் ஆழமாக ஓடி நடுவுக்கு வெட்டும் போஸ்ட் ரூட் ஆனாலும் முதல் மூன்று அடியும் உடம்பின் சாய்வும் ஒன்றுபோலவே இருக்கும். அடியைச் சுருக்காமல் முழு வேகத்திலேயே வெட்டுவார். கைகளை உடம்பிலிருந்து தள்ளி நீட்டி வாங்குவார், அடுத்த அடி நேராக எண்ட் ஸோனை நோக்கி. உள்ளே பாய்ந்த கார்னர்பேக் தவறினால் மிச்சம் சேஃப்டி ஒருவர்தான். அவரும் கோணத்தைத் தப்பாகப் போட்டால் 70 யார்டு.

தறி:
அந்த முறையே அவரைக் காலைவாரிவிட்ட நாளும் உண்டு. 1987 ஜனவரி 4, ஜயன்ட்ஸுக்கு எதிரான பிளேஆஃப். தொடக்கத்திலேயே மொன்டானாவின் பாஸை வாங்கித் தனியாக ஓடுகிறார், பக்கத்தில் ஆளே இல்லை, பந்து கையிலிருந்து தானாக நழுவி விழுகிறது. எண்ட் ஸோனுக்குள் உருண்ட பந்தை ஜயன்ட்ஸ் எடுத்துக்கொண்டார்கள். ஸ்கோர் அப்போது 0-0. முடிவு 49-3, ஜயன்ட்ஸுக்கு வெற்றி.

செந்தங்கம்80:
ஆமாம். 1985இல், முதல் சீசனில் கேட்ச் விட்டதற்காகச் சொந்த மைதானத்திலேயே ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். 49 கேட்ச், 927 யார்டு, மூன்றே டச்டவுன். கை சரியில்லை என்று பத்திரிகைகள் எழுதின. கையில் குறையில்லை. இந்த முறையில் எதிரணி எப்படி நிற்கிறது என்று ஓடும்போதே படித்து ரூட்டை மாற்ற வேண்டும். யோசித்துக்கொண்டே ஓடுகிறவன் பந்தைக் கடைசிவரை பார்க்க மாட்டான், கை மூடுவதற்குள் கண் அடுத்த தடுப்பாளரிடம் போய்விடும். படிப்பது பழக்கமானதும் கை தானாகச் சரியாயிற்று. அந்த டிசம்பரிலேயே ராம்ஸுக்கு எதிராக 10 கேட்ச், 241 யார்டு. அடுத்த சீசன் 1,570 யார்டு, 15 டச்டவுன்.

மாறன்_கே:
1987 இன்னும் நம்ப முடியாத வருஷம். ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தத்தால் அவர் ஆடியது 12 ஆட்டம்தான். 22 டச்டவுன் கேட்ச். ராண்டி மாஸ் 2007இல் 23 எடுத்து முந்தினார், 16 ஆட்டத்தில். மாஸின் சாதனையைக் குறைத்துச் சொல்லவில்லை, ஆனால் ஆட்டத்துக்கு எத்தனை என்று பார்த்தால் ரைஸின் பக்கத்தில்கூட வேறு யாரும் இல்லை.

நிலா_வேட்டை:
மாஸ் பேச்சு வந்ததால் உள்ளே வருகிறேன். நீண்ட நாள் சேர்த்த எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் ரைஸ்தான், மறுப்பே இல்லை. ஆனால் ஒரு ஆட்டத்தில் எதிரணி யாரைப் பார்த்து அதிகம் பயந்தது என்று கேட்டால் மாஸ். 1998இல் அவர் மின்னசோட்டாவுக்கு வந்ததும் அதே பிரிவில் இருந்த கிரீன் பே, 1999 டிராஃப்டின் முதல் மூன்று சுற்றிலும் பின்வரிசைத் தடுப்பாளர்களையே எடுத்தது. ஒரு ஆளுக்காக ஒரு அணி தன் டிராஃப்டையே வளைத்தது. ஆழத்தில் இரண்டு சேஃப்டி நிறுத்தாமல் மாஸை விட முடியாது, அதனால் மற்றவர்களுக்கு நடுவில் இடம் கிடைத்தது. இந்த லாபம் மாஸின் 15,292 யார்டுக்குள் வராது.

செந்தங்கம்80:
நிலா, அது நியாயமான வாதம். ரைஸுக்கும் அது நடந்ததுதான். 1989 ஜனவரி, மயாமியில் சூப்பர் பவுல் 23, சின்சினாட்டிக்கு எதிராகக் கடைசி ஓட்டம். சொந்தப் பக்கம் 8 யார்டு கோட்டிலிருந்து 92 யார்டு போக வேண்டும், மூன்று நிமிடம் சொச்சம் மிச்சம். நடுவில் ஒரு பெனால்டியால் 2ஆவது டவுன், 20 யார்டு (நாலு முயற்சியில் இரண்டாவது, இன்னும் 20 யார்டு வேண்டும்) என்று ஆனபோது ரைஸ் நடுவில் வாங்கி 27 யார்டு போனார். பிறகு 10 யார்டு கோட்டில் ரைஸை ஸ்னாப்புக்கு முன்பே பக்கவாட்டில் நகர்த்தினார்கள். தடுப்பின் கண் அவர் பின்னால் போனது, நடுவில் ஜான் டெய்லருக்கு இடம் திறந்தது. 34 விநாடி இருக்கும்போது டச்டவுன், 20-16. அந்த ஆட்டத்தில் ரைஸ் 11 கேட்ச், 215 யார்டு, ஆட்ட நாயகன். அதற்கு முந்தின வாரம் முழுக்கக் கணுக்கால் வலியோடு இருந்தவர்.

குழலி:
35 வயதுக்குப் பிறகும் எப்படி? அந்த வயதில் பெரும்பாலான ரிசீவர்கள் வீட்டுக்குப் போய்விடுகிறார்களே.

ஓக்லாந்து_கருப்பு:
இந்த இழையில் முக்கியமான கேள்வி இதுதான். கூட்டிப் பாருங்கள்: 1996 சீசன் முடிவில் 16,377 யார்டு. அங்கேயே நிறுத்தியிருந்தால் இன்று ஃபிட்ஸ்ஜெரால்டுக்குக் கீழே இருந்திருப்பார். 35 வயதான 1997 சீசனிலிருந்து எடுத்தது 6,518. சாதனையை எட்ட முடியாததாக்கியது அந்த 6,518தான்.

அதுவும் மிக மோசமான இடத்திலிருந்து தொடங்கியது. 1997 ஆகஸ்ட் 31, டாம்பாவில் முதல் ஆட்டம். பந்தோடு குறுக்கே ஓடும் ரிவர்ஸ் ஆட்டம், வாரன் சாப் முகக்கம்பியைப் பிடித்து இழுத்தார், இடது முழங்கால் முறுக்கி முன் சிலுவைத் தசைநார் கிழிந்தது. தொடர்ந்து 189 ஆட்டம் ஆடியவருக்கு முதல் தடை. அறுவை செய்த தசைநார் திடமாகப் பொருந்த ஒன்பது மாதம், ஒரு வருஷம் என்று ஆகும். ரைஸ் மூன்றரை மாதத்தில், டிசம்பர் 15 அன்று, டென்வருக்கு எதிராக இறங்கினார். டச்டவுன் கேட்ச் எடுத்தார், விழும்போது அதே காலில் முழங்கால் சில்லு விரிசல் விட்டது. சீசன் முடிந்தது. தைரியத்தை எல்லாரும் பாராட்டுகிறார்கள், ஆனால் மருத்துவ ரீதியில் அது அவசரம். யாரும் அதைப் பின்பற்றக் கூடாது. அடுத்த வருஷம் 16 ஆட்டமும் ஆடி 82 கேட்ச், 1,157 யார்டு.

பிறகு 2001இல் ஓக்லாந்து ரைடர்ஸ் அணி. 83 கேட்ச், 1,139. அக்டோபரில் 40 வயதான 2002இல் 92 கேட்ச், 1,211 யார்டு, கூடவே சூப்பர் பவுல். அங்கே டாம்பாவிடம் 48-21 என்று தோற்றோம், அதிலும் 48 யார்டு டச்டவுன் ஒன்று அவருடையது. நாலு சூப்பர் பவுலில் மொத்தம் 8 டச்டவுன், இன்றுவரை சாதனை. ரைடர்ஸ் குவார்ட்டர்பேக் ரிச் கேனன் அப்போது பந்தை நேரத்துக்கு எறிகிறவர், ரைஸுக்கு அதுவே போதும். வேகம் போய்விட்டது, மூன்றாவது அடி ஊன்றுவது போகவில்லை.

செந்தங்கம்80:
ஓய்வு மாதங்களில் செய்த பயிற்சியும் சேர வேண்டும். சான் கார்லோஸ் பக்கத்தில் மலைப்பாதை ஓட்டம், வாரத்துக்கு ஆறு நாள். செங்குத்தான இடத்தில் நின்று மேல்நோக்கி 40 மீட்டர் விரைவோட்டம், திரும்பத் திரும்ப. 49ersஇல் கூட ஆடிய ராஜர் கிரெய்கும் அதே மலையில் ஓடியவர். மேட்டில் ஓடும்போது அடி நீள முடியாது, ஒவ்வொரு அடியிலும் தொடையும் பிட்டமும் தள்ள வேண்டும். நாலாவது குவார்ட்டரிலும் முதல் குவார்ட்டர் போலவே வெட்ட முடிந்ததற்கு அது முக்கியக் காரணம். இன்னொரு பழக்கம்: அணிப் பயிற்சியில் ஐந்து யார்டு பாஸ் வாங்கினாலும் எண்ட் ஸோன்வரை ஓடி முடித்துத்தான் திரும்புவார். புது ஆட்டக்காரர்கள் அதைப் பார்த்தே தங்கள் ஓட்டத்தை மாற்றிக்கொண்டார்கள்.

தறி:
ஸ்டிக்கம் பற்றி யாரும் பேசவில்லை. 2015இல் அவரே கையுறையில் கொஞ்சம் ஒட்டுப்பசை அடித்ததாகச் சொன்னார். லீக் அதை 1981இலேயே தடை செய்துவிட்டது. ரைஸ் வந்தது 1985.

ஓக்லாந்து_கருப்பு:
தடை செய்ததுதான், விதிமீறல்தான். பலரும் செய்தார்கள் என்பது அதைச் சரியாக்காது. ஆனால் அளவு தெரிந்து பேசலாம். பசை பந்தை விரலில் நிறுத்தும். மூன்றாவது அடியில் இரண்டு யார்டு இடைவெளி உண்டாக்காது, கேட்ச் எடுத்தபின் சேஃப்டியைத் தாண்ட வைக்காது. இன்று கடையில் விற்கும் சட்டபூர்வமான கையுறையின் உள்ளங்கையே நல்ல ஒட்டு ஒட்டும்.

நிலா_வேட்டை:
சரி, முறியடிக்க முடியுமா என்ற கேள்விக்கு வருவோம். இப்போது 17 ஆட்டம். 1978இலிருந்தே ஐந்து யார்டுக்கு மேல் ரிசீவரைத் தொடக்கூடாது என்ற விதி, 2004இலிருந்து அதைக் கண்டிப்பாக ஊதுகிறார்கள். பாஸும் அதிகம்.

மாறன்_கே:
17 ஆட்டம் வீதம் 17 சீசன் என்றாலும் வருஷத்துக்குச் சராசரி 1,347 வேண்டும், 17 வருஷமும். கால்வின் ஜான்சன் 2012இல் 1,964 எடுத்து ரைஸின் 1,848ஐத் தாண்டினார். உடம்பு தாங்காமல் 9 சீசனில், 11,619இல் நிறுத்திவிட்டார். ரைஸின் கணக்கில் அது பாதிதான். ஜூலியோ ஜோன்ஸ் 13,703. ஒரு சீசனின் உச்சத்தை யாரும் தொடலாம். சம்பளமும் இன்று அப்படி, 30 வயதுக்குள்ளேயே தலைமுறைக்குப் போதுமான பணம் வந்துவிடுகிறது, 42 வயதுவரை அடி வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு சீசன் சாதனைகள் எல்லாம் போகும், 22,895 போகாது என்பது என் கருத்து.

குழலி:
மூன்று ஆட்டம் மட்டும் பார்க்க நேரம் இருக்கிறது. எவை?

செந்தங்கம்80:
1990 அக்டோபர் 14, அட்லாண்டா: 13 கேட்ச், 225 யார்டு, ஐந்து டச்டவுன். பிளிட்ஸ் அனுப்பிவிட்டு (குவார்ட்டர்பேக்கைத் துரத்தக் கூடுதல் தடுப்பாளர்களை ஏவிவிட்டு) ரைஸை ஒற்றை ஆளிடம் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அதுதான் பாடம். 1995 டிசம்பர் 18, மின்னசோட்டா: 14 கேட்ச், 289 யார்டு. மூன்றாவதாக 2004 டிசம்பர் 6, சியாட்டில் சட்டையில் டல்லஸுக்கு எதிராக, 42 வயதில் 8 கேட்ச், 145 யார்டு. ரைஸின் 80ஆம் எண் சியாட்டிலில் பழைய ரிசீவர் ஸ்டீவ் லார்ஜென்டுக்காக ஒதுக்கி வைக்கப்பட்டது, ரைஸுக்காக லார்ஜென்டே அனுமதி கொடுத்தார்.

பார்க்கும்போது பந்தைத் தொடராதீர்கள். ஸ்னாப் ஆனதும் ரைஸின் வெளிப்பக்கக் காலை மட்டும் பாருங்கள், பிறகு பின்னோக்கி ஓட்டி அதே ஆட்டத்தில் கார்னர்பேக்கின் இடுப்பைப் பாருங்கள். அட்லாண்டா ஆட்டத்தில் இரண்டாவது டச்டவுனுக்குள்ளேயே புரிந்துவிடும்.